இரண்டாவது ஐகன்மான்

விலங்கியலில் ஒரு பேரினத்தின் பெயரை முழுமையாக எழுதும்போது, அதை முதலில் வெளியிட்டவரின் குடும்பப்பெயரையும் வெளியான ஆண்டையும் சேர்த்து எழுதுவது வழக்கம். தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் கவசக் கெளுத்திகளின் பட்டியலை வாசித்துக்கொண்டு போனால், ஒரே குடும்பப்பெயர் இரட்டையாக வருவது கண்ணில் படும். நியோபிளெக்கோஸ்டோமஸ்: ஐகன்மான், ஐகன்மான், 1888. பரோட்டோசிங்க்ளஸ்: ஐகன்மான், ஐகன்மான், 1889. ஹைசோநோட்டஸ், டெல்டூரஸ், மைக்ரோலெபிடோகாஸ்டர், ஹெமிப்சிலிக்திஸ் என்று இன்னும் சில பேரினங்களிலும் இதே இரட்டைப் பெயர்தான். முதல் ஐகன்மான், அமெரிக்க மீனியல் வரலாற்றில் பெரும்புகழ் பெற்ற கார்ல் ஐகன்மான். இரண்டாவது ஐகன்மான் அவருடைய மனைவி ரோசா ஸ்மித்.

ஒரு பெயருக்குப் பின்னால் நிற்கும் பெண்ணைத் தேடுவது பெண்ணிய வரலாற்றெழுத்தில் புதிதல்ல. ஆனால் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒரு பேரினத்தை 'உருவாக்குவது' என்றால் என்ன வேலை, அந்த வேலையில் எத்தனை கைகள் சேர்கின்றன, எந்தக் கை வரை பெயர் எட்டுகிறது, எந்தக் கையோடு நின்றுவிடுகிறது என்பதை இந்த மீன்களை வைத்தே காட்ட முடிகிறது.

முதலில் மீனைப் பார்ப்போம். நம் ஊர்க் கெளுத்திக்குச் செதில் கிடையாது. கையில் பிடித்தால் வழுக்கும். கவசக் கெளுத்திக்கும் செதில் கிடையாது, ஆனால் தோலின் மேல் எலும்புத் தகடுகள் வரிசையாகப் பதிந்திருக்கும். வண்ணமீன் கடைகளில் 'டேங்க் கிளீனர்' என்று விற்பார்களே, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் சொரசொரப்பான கரிய மீன், அது இந்த வகையைச் சேர்ந்தது. தொட்டியில் வளர்ந்து பெரிதானதும் ஏரியிலும் கால்வாயிலும் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். இன்று இந்தியாவின் பல நீர்நிலைகளில் மீனவர்களின் வலையைக் கிழிக்கும் வேண்டாத விருந்தாளியாக அது பெருகிவிட்டது. அதன் சொந்த ஊர் தென்னமெரிக்கா.

அங்கே கவசக் கெளுத்திகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உள்ளன. ஒன்று லோரிகாரிடே. அடிப்பக்கம் உறிஞ்சுவாயும், உடலின் பக்கங்களில் பல வரிசைத் தகடுகளும் கொண்டவை. ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்கள் கொண்ட பெரிய குடும்பம் இது. மற்றொன்று காலிக்தைடே. இவற்றுக்குப் பக்கத்துக்கு இரண்டு வரிசைத் தகடுகள் மட்டுமே இருக்கும். பலரும் தொட்டியில் வளர்க்கும் குட்டையான கோரிடோராஸ் மீன்கள் இந்தக் குடும்பம். இந்த இரண்டு குடும்பங்களின் வரலாற்றிலும் பெண்களின் உழைப்பு அடித்தளத்திலேயே இருக்கிறது.

ரோசா ஸ்மித் 1858-இல் இலினாய் மாநிலத்தின் மன்மத் நகரில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகளில் கடைக்குட்டி. 1876-இல் குடும்பம் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே செய்தித்தாளில் நிருபராக வேலை பார்த்தார். ஊரின் இயற்கை வரலாற்றுச் சங்கத்தில் சேர்ந்து அதன் நூலகராகவும் பதிவுச் செயலராகவும் இருந்தார். கடற்கரையில் மீன்களைச் சேகரித்து, அவற்றைப் பற்றி எழுதத் தொடங்கினார். அக்காலத்து அமெரிக்க மீனியலின் தலைமகனான டேவிட் ஸ்டார் ஜோர்டன் சான் டியேகோ வந்தபோது இவருடைய திறமையைக் கண்டுகொண்டு இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். ரோசா அங்கே இரண்டாண்டுகள் படித்தார். குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலம் கெட்டதால், பட்டம் பெறாமலே வீடு திரும்பினார். படிப்பை நிறுத்திவிட்டு நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வருவது மகள்தான் என்பதை நம் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பட்டம் இல்லாவிட்டாலும் வேலை நிற்கவில்லை. சான் டியேகோவின் பாயின்ட் லோமா கரையில், பாறைகளுக்கு அடியில் வாழும் கண்பார்வையற்ற சிறு மீன் ஒன்றுக்கு 1881-இல் ஓத்தோனாப்ஸ் என்ற புதிய பேரினத்தை அவர் நிறுவினார். அந்தப் பெயரோடு சேர்ந்து வருவது 'ஸ்மித், 1881'. அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்றுகூட ஆகவில்லை. பின்னாளில் கணவராகப் போகும் கார்ல், அவரைவிட ஐந்து வயது இளையவர், தம் முதல் பட்டத்தை 1886-இல்தான் பெற்றார். ஆகவே ரோசா கணவரிடம் மீனியல் கற்றுக்கொண்ட மனைவி அல்லர். திருமணத்துக்கு முன்பே, தனியாக, பேரினம் நிறுவிய ஆய்வாளர். இந்த வரிசையை மாற்றிச் சொல்வது எளிது என்பதாலேயே இதை அழுத்திச் சொல்கிறேன்.

1887 ஆகஸ்டில் இருவருக்கும் திருமணம் நடந்தது. உடனே இருவரும் ஹார்வர்டுக்குப் போனார்கள். அங்கே ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகத்தில், சாராயத்தில் ஊறிய தென்னமெரிக்க மீன்கள் ஜாடி ஜாடியாகக் காத்திருந்தன. ஹார்வர்ட் அப்போது பெண்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ளவில்லை, பட்டமும் தரவில்லை. தாவரவியல் பேராசிரியர் வில்லியம் ஃபார்லோவின் கீழ் 'சிறப்பு மாணவி'யாக மட்டும் ரோசா அனுமதிக்கப்பட்டார். அங்கே மேற்படிப்பு நிலை வகுப்பில் உட்கார அனுமதி பெற்ற முதல் பெண் அவரே என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் சொல்கின்றன. வகுப்பில் கதவு பாதி திறந்திருந்தது. ஜாடிகளுக்கு முன்னால் அமர்ந்தபோது அவருக்கும் கார்லுக்கும் வேலை ஒன்றுதான்.

அந்த வேலை எப்படிப்பட்டது? ஜாடியிலிருந்து மீனை எடுத்துத் தட்டில் வைக்க வேண்டும். பக்கவாட்டில் எத்தனை தகடுகள் என்று தலையிலிருந்து வால்வரை எண்ண வேண்டும். துடுப்புக் கதிர்களை எண்ண வேண்டும். பல்லின் வடிவம், வயிறு வெறுந்தோலா தகடு மூடியதா, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று குறிக்க வேண்டும். ஒரு மீன் போதாது. பல மீன்களில் பார்த்தால்தான் எது தனி மீனின் விசேஷம், எது இனத்தின் அடையாளம் என்று பிரிக்க முடியும். பிறகு, பல மொழிகளில் சிதறிக் கிடக்கும் பழைய விவரிப்புகளை எல்லாம் தேடிப் படித்து, இதை யாராவது ஏற்கெனவே வேறு பெயரில் எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கடைசியில்தான் பெயர்.

ஓர் எடுத்துக்காட்டு. ஓட்டோசிங்க்ளஸ் என்ற பேரினம் 1871-இல் நிறுவப்பட்டிருந்தது. விரல் நீளம்கூட வராத சின்னஞ்சிறு கவசக் கெளுத்திகள். வியன்னாவின் ஃபிரான்ஸ் ஸ்டைன்டாக்னர் 1877-இல் தென்கிழக்கு பிரேசிலின் ஒரு சிறு மீனையும் இதே பேரினத்தில் சேர்த்து, மாகுலிகாடா என்று பெயரிட்டார். ஆனால் ஓட்டோசிங்க்ளஸ் மீன்களுக்கு முதுகில், வாலுக்கு அருகே வரும் சிறிய கொழுப்புத் துடுப்பு கிடையாது. மாகுலிகாடாவுக்கு அது இருந்தது. ஐகன்மான்கள் இந்த மீனைத் தனியே பிரித்து, 'ஓட்டோசிங்க்ளஸுக்குப் பக்கத்தில் நிற்பது' என்ற பொருள்பட பரோட்டோசிங்க்ளஸ் என்ற புதிய பேரினத்தை 1889-இல் நிறுவினார்கள். பின்னால் வந்தவர்கள் கண்ட பல சிற்றினங்கள் இந்தப் பேரினத்துக்குள் வந்து சேர்ந்தன, இன்றும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. பேரினம் என்பது இப்படி, யார் யாருக்கு உறவு என்று சொல்லும் ஒரு வாதம். வாதம் சரியாக இருந்தால் அடுத்த நூற்றாண்டிலும் நிற்கும்.

இங்கே விதிப்புத்தகத்தின் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். இந்த மீனின் முழுப் பெயரை இன்று எழுதினால், பரோட்டோசிங்க்ளஸ் மாகுலிகாடா என்று எழுதி, ஸ்டைன்டாக்னரின் பெயரையும் 1877-ஐயும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மீன் வேறு பேரினத்துக்கு மாறியது என்பதற்கு அந்த அடைப்புக்குறி அடையாளம். யார் மாற்றினார்கள் என்பதைச் சொல்ல அந்த வரியில் இடம் இல்லை. தாவரவியலில் மாற்றியவரின் பெயரும் சேர்ந்தே வரும். விலங்கியலில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. கண்டெடுத்துப் பெயரிட்டவர் வரியில் இருப்பார். உறவைச் சரியாகப் புரிந்து ஒழுங்குபடுத்தியவர், பேரினத்தின் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கு மட்டுமே தெரிவார். இந்த விதி பெண்களை நினைத்து எழுதப்பட்டதன்று; ஆண்களையும் இப்படித்தான் நடத்துகிறது. ஆனாலும் ஒழுங்குபடுத்தும் வேலைக்குக் கிடைக்கும் மதிப்பைப் பற்றி யோசிக்க இது போதுமான சான்று.

இருவரின் உழைப்பும் 1890-இல் ஒரே நூலாக வெளிவந்தது. தென்னமெரிக்கக் கெளுத்திகள் அனைத்தையும் மறுபரிசீலனை செய்யும் 508 பக்க நூல். கலிபோர்னியா அறிவியல் கழகம் தன் அவ்வப்போதைய வெளியீடுகளின் வரிசையில் முதல் எண்ணாக அதை வெளியிட்டது. அட்டையில் இருவர் பெயரும் இருந்தன.

இனி அந்த ஜாடிகளுக்கு வருவோம். அவை ஹார்வர்டுக்கு எப்படி வந்தன? அவற்றில் மிகப் பெரிய பகுதி, 1865 முதல் 1866 வரை லூயி அகாசி தலைமையில் பிரேசிலுக்குப் போன தேயர் பயணத்தில் சேகரிக்கப்பட்டது. செல்வர் நத்தேனியல் தேயர் பணம் கொடுத்தார். பேரரசர் இரண்டாம் பெட்ரோ உதவினார். அகாசியின் மனைவி எலிசபெத் காபட் அகாசி உடன் சென்று நாள்தோறும் குறிப்பெழுதினார். 1868-இல் வெளியான 'பிரேசிலில் ஒரு பயணம்' என்ற நூல் பெரும்பாலும் அந்தக் குறிப்புகளால் ஆனது. அதன் ஆசிரியர்கள் 'பேராசிரியர் மற்றும் திருமதி லூயி அகாசி'. நூலின் பெரும்பகுதியை எழுதியவருக்கு அட்டையில் சொந்தப் பெயர் இல்லை. பின்னாளில் ஹார்வர்டின் வாசலில் பெண்களுக்கான கல்விக்காகப் போராடி, 1894-இல் ராட்கிளிஃப் கல்லூரியின் முதல் தலைவரானவர் இதே எலிசபெத்தான்.

அந்த நூலில் இன்னொரு பெண் வருகிறார். அமேசான் கரையின் தெஃபே ஊரில் அகாசி குழு தங்கியிருந்தபோது வீட்டு வேலைக்கு வந்த அலெக்சாண்ட்ரினா. பூர்வகுடி, கறுப்பின மரபுகள் இரண்டும் கலந்தவர் என்று எலிசபெத் எழுதுகிறார். வீட்டு வேலைக்கு வந்த இவர், மீன்களின் எலும்புக்கூடுகளைச் சதை நீக்கிச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டு, ஆய்வுக்கூட வேலையிலும் பெரிதும் உதவினார் என்கிறது நூல். குழுவில் இளம் மாணவராக இருந்த வில்லியம் ஜேம்ஸ் வரைந்த அவருடைய தலையின் ஓவியமும் அதில் உண்டு. எலும்புக்கூட்டைச் சிதையாமல் எடுப்பது எளிய வேலை அல்ல என்பது மீன் ஆய்ந்த எவருக்கும் தெரியும். கவசக் கெளுத்தியாக இருந்தால் இன்னும் கடினம். மீனைப் பிடித்துக் கொடுத்தவர்களும், எந்த மீன் எந்த ஓடையில் கிடைக்கும் என்று காட்டியவர்களும் அந்த மண்ணின் மக்களே. அலெக்சாண்ட்ரினாவின் முதற்பெயர் மட்டும் நமக்கு எஞ்சியிருக்கிறது. அதுவும் ஒரு பெண் நாட்குறிப்பு எழுதியதால்.

வகைப்படுத்தல் எப்போதும் நல்ல வேலையாக மட்டும் இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அகாசி டார்வினின் பரிணாமக் கொள்கையை ஏற்காதவர். மனித இனங்கள் தனித்தனியாகப் படைக்கப்பட்டவை என்று நம்பியவர். இனக்கலப்பைச் சீரழிவு என்று எழுதியவர். இதே பயணத்தில், மனௌஸ் நகரில், கலப்பின மக்களை, அவர்களில் பெண்களை, ஆடையோடும் ஆடையின்றியும் நிற்கவைத்துப் புகைப்படம் எடுக்கச் செய்தார். ஒரு பக்கம் மீன்கள் ஜாடிக்குள் போயின; இன்னொரு பக்கம் மனிதர்கள் 'மாதிரி'களாகப் படத்துக்குள் போனார்கள். அலெக்சாண்ட்ரினாவின் தலை நூலில் இடம்பெற்றதும், அவருடைய கூந்தல் எப்படிப்பட்டது என்று காட்டுவதற்காகத்தான். மீனின் எலும்பை ஆய்வுக்குத் தயார்செய்த பெண், அதே நேரத்தில் ஆய்வுப் பொருளாகவும் ஆக்கப்பட்டார். ரோசா எண்ணிய தகடுகளுக்குப் பின்னால் இந்த வரலாறும் இருக்கிறது. ரோசாவைக் கொண்டாடும்போது இதை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

1891-இல் கார்ல் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ரோசாவுக்கு ஐந்து குழந்தைகள். மூத்த மகளுக்குத் தொடர்ந்த பராமரிப்பு தேவைப்பட்டது. 1893-க்குப் பிறகு ரோசாவின் மீன் ஆய்வு வெளியீடுகள் நின்றுபோயின. கணவரின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுக்கும் வேலை மட்டும் தொடர்ந்தது. கார்ல் 1908-இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1912-இல் கொலம்பியாவுக்கும், பின்னர் பெருவுக்கும் பயணம் போனார். ஜாடியில் மட்டுமே பார்த்த மீன்களை ஆற்றில் பார்த்தார். ரோசா வீட்டில் இருந்தார். கார்ல் 1927-இல் இறந்தார். ரோசா 1947 வரை வாழ்ந்தார்.

1895-இல் 'அறிவியலில் பெண்கள்' என்ற தலைப்பில் ரோசா ஒரு கட்டுரை எழுதினார். பெண்ணின் ஆய்வையும் ஆணின் ஆய்வையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். 'பெண் செய்ததற்கு இது நன்று' என்ற சலுகைப் பாராட்டு வேண்டாம் என்பது அதன் சாரம். தன்மானமுள்ள வாதம். நானும் அதன் பக்கமே நிற்கிறேன். ஆனால் அவர் அதை எழுதிய ஆண்டைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அளக்கப்பட வேண்டிய வேலையைச் செய்ய அவருக்கே நேரம் இல்லாமல் போய் இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. தட்டில் வைத்த மீனை ஒரே அளவுகோலால் அளக்கலாம். மீனைத் தட்டில் வைக்க உட்காரும் நேரம் யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்கு அந்த அளவுகோலில் கோடு இல்லை.

ரோசா விட்ட இடத்தில் இன்னொரு பெண் வந்தார். இண்டியானாவில் கார்லின் மாணவியான மரியன் டர்பின். கயானா பயணத்தில் வந்த சிறுமீன்களை அவர் ஆய்ந்தார். ஹைஃபெசோப்ரைகான் என்ற பேரினம் அவர் நிறுவியது. வண்ணமீன் வளர்ப்பவர்கள் நன்கறிந்த, உடலில் செந்நிறக் கோடு மின்னும் 'குளோலைட் டெட்ரா'வுக்கு 1909-இல் அறிவியல் பெயர் கொடுத்தவரும் அவரே. அங்கெல்லாம் அவர் 'டர்பின்'. பிறகு மாக்ஸ் எல்லிஸ் என்ற விலங்கியலாளரை மணந்தார். காலிக்தைடே குடும்பத்துக் கவசக் கெளுத்திகளைப் பற்றிய அவருடைய முக்கியமான ஆய்வு 1913-இல் கார்னகி அருங்காட்சியக ஏட்டில் வந்தது. அங்கே அவர் 'எல்லிஸ்'. பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இவர்கள் இரண்டு பேர். திருமணம் ரோசாவின் பெயரைக் கணவரின் பெயரோடு ஒன்றாக்கியது. மரியனின் பெயரை இரண்டாக உடைத்தது. ஆண் ஆய்வாளர் எவருக்கும் இந்த இரண்டில் எதுவும் நேரவில்லை.

இவர்கள் செய்த வேலை என்ன ஆயிற்று? ஐகன்மான்களின் ஹைசோநோட்டஸ் நெடுங்காலம் வேறொரு பேரினத்துக்குள் கரைக்கப்பட்டுக் கிடந்தது. 1998-இல் ஸ்காட் ஷேஃபர் அதை மீட்டுத் தனிப் பேரினமாக நிறுத்தினார். காலிக்தைடே குடும்பத்தில், ஒரே பெயரின் கீழ் பெரிதாக வீங்கிவிட்ட கோரிடோராஸ் கூட்டத்தை 2024-இல் ஓர் ஆய்வுக்குழு மரபணுச் சான்றுகளோடு பிரித்து, பழைய பெயர்கள் சிலவற்றை மீட்டெடுத்து, அந்தத் துணைக்குடும்பத்தை ஏழு பேரினங்களாக ஒழுங்குபடுத்தியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அஞ்செலிகா டயஸ். அமேசானின் மனௌஸ் நகரிலேயே, அகாசி படமெடுக்கச் செய்த அதே ஊரில், தேசிய அமேசான் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய லூசியா ராப் பை-டேனியல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து புதிய கவசக் கெளுத்திகளுக்குப் பெயரிட்டிருக்கிறார். ஜாடிகள் கப்பலேறிப் போன ஊரிலேயே இன்று ஜாடிகளும் உள்ளன, அவற்றைத் திறந்து பார்க்கும் பெண்களும் உள்ளனர்.

விலங்கியல் மாணவிகளுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். ஐகன்மான் என்ற பெயர் இரட்டையாக வரும் இடங்களில், அது அச்சுப்பிழை அல்ல என்பதையும், இரண்டாவது பெயர் யாருடையது என்பதையும் வகுப்பில் ஒருமுறை சொல்லுங்கள். மரியன் டர்பினும் மரியன் எல்லிஸும் ஒருவரே என்று பட்டியலின் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

பெயரிடும் விதிகளில் இன்னொன்றும் உண்டு. ஒருவரைச் சிறப்பிக்க அவர் பெயரைச் சிற்றினத்துக்கு வைக்கும்போது, ஆணாக இருந்தால் ஒரு விகுதி, பெண்ணாக இருந்தால் 'ஏ' என்ற இலத்தீன் விகுதி. 1940-இல் வில்லியம் காஸ்லைன் ஒரு கவசக் கெளுத்திக்கு மரியனின் நினைவாக 'எல்லிசே' என்று பெயரிட்டார். குடும்பப்பெயர்தான் வேண்டும் என்று விதி கேட்பதில்லை. முதற்பெயர் மட்டும் தெரிந்திருந்தாலும் போதும்.